நெல்லைக்குப் படிக்க வந்திருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு

பாளையங்கோட்டையில் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சங்கரன்கோவில், வள்ளியூர், திசையன்விளை என்று வெளியூர்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குகிறவர்களுக்கு நெல்லை என்றால் புதிய பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன், நெல்லையப்பர் கோயில், அல்வா. டிகிரி வாங்கிக்கொண்டு போகும்போதும் பலருக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும். எனக்கு இந்த ஊரின் தெருக்கள் பழகியதற்குக் காரணம் நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ். இப்போது இங்கேயே முதுகலை படிக்கிறேன்.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பணி, தத்தெடுத்த கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம். இரண்டும் முடித்தால்தான் சான்றிதழ். செய்த பணியைக் குறிக்கும் டைரியை அன்றன்றைக்கே எழுதி, கல்லூரியில் என்.எஸ்.எஸ். பொறுப்பில் இருக்கும் திட்ட அலுவலரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வகுப்பு நேரத்தில் போனால், பணிக்காகப் போனதைச் சொல்லும் ஓ.டி. (ஆன் டூட்டி) கடிதத்தையும் அன்றே துறையில் கொடுத்துவிடுங்கள். வருகைப்பதிவு குறைந்த பிறகு அலைவது பெரிய சிரமம்.

பேரணியில் நடந்தாலும் மரக்கன்று நட்டாலும் மணிக்கணக்கு ஏறும். ஆனால் ஒருநாள் வேலையில் ஊர் பிடிபடாது. "சார், ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போற மாதிரி வேலை இருக்கா?" என்று திட்ட அலுவலரிடம் நீங்களாகவே கேளுங்கள். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்களுக்கு அப்படிக் கிடைத்தது மேலப்பாளையத்தில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. அங்கே ஏராளமான பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு, பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை. தகர அளவை வைத்து இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டுவதெல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் நடக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் படிவத்தோடு போய் நிற்கும்போது அவர் கை எந்த வேலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சுற்றிக்கொண்டிருந்தால் பேசலாம், கை பாட்டுக்கு ஓடும். கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தால் வாயைத் திறக்காதீர்கள். "கொஞ்சம் இரும்மா, எண்ணிக்கிட்டிருக்கேம்லா" என்று ஒரு பெரியம்மா என்னைக் கையமர்த்தினார். எண்ணி முடித்த பிறகு அவரே மோர் கொடுத்து உட்கார வைத்து, தன் வீட்டு விவரத்தோடு பக்கத்து வீட்டில் யார் யார் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்பது வரைக்கும் சொன்னார்.

படிவத்தை நிரப்பிக்கொண்டு திரும்புவதோடு அந்த வேலை முடியக்கூடாது. பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசு கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் வேறொரு இனிஷியல் என்று அங்கேதான் மாட்டிக்கொள்ளும். கல்லூரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிபார்த்துக் கொடுத்தால் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கு உதவியாக இருக்கும். மறுபடி அந்தத் தெருவுக்குப் போகும்போது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இன்னொரு பாதை தண்ணீர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் சுத்தமல்லியில் பிரிகிறது நெல்லைக் கால்வாய், பழவூரில் பிரிகிறது பாளையங்கால்வாய். டவுனில் இருக்கும் நயினார்குளம் நெல்லைக் கால்வாயால் நிறைகிற குளம். குளத்தில் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை அள்ளும் பணி வந்தால் சேற்றுக்குப் பயந்து பின்வாங்காதீர்கள். தண்ணீர் எந்த மடை வழியாக வருகிறது, சாக்கடை எங்கே கலக்கிறது, எந்தத் தெரு பள்ளம் என்பதெல்லாம் அங்கே நிற்கிற பெரியவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த அறிவுக்கு 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் வேலை வந்தது. 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தின் இரண்டு கரையிலும் ஆறு ஊருக்குள் ஏறியது. மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். நான் அப்போது இரண்டாமாண்டு. வெள்ளம் வடிந்த பிறகு பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. வீடுகளில் கேட்டால் பாய், அடுப்பு, விளக்குமாறு, பினாயில், பிள்ளைகளுக்கு நோட்டு வேண்டும் என்றார்கள். போய்ப் பழகிய தெரு என்பதால் எங்களிடம் கூச்சமில்லாமல் கேட்டார்கள். எங்கே எதைச் சேகரிப்பதானாலும் முதலில் அந்த வீட்டில் கேட்டுவிட்டு வந்து பட்டியல் போடுங்கள்.

படிப்புக்கே நேரடியாக உதவுகிற பணி ஒன்றும் உண்டு: பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் ஸ்கிரைப்பாக, அதாவது அவர்கள் சொல்லச் சொல்ல விடை எழுதிக் கொடுப்பவராகப் போவது. பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளியும் நூறாண்டுக்கு மேலாக இருக்கும் ஊர் பாளையங்கோட்டை. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள். கேள்வியை நிதானமாக இரண்டு முறை வாசியுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். தப்பு என்று தோன்றினாலும் திருத்த உங்களுக்கு உரிமை இல்லை. அரைமணிக்கு ஒருமுறை நேரத்தைச் சொல்லுங்கள். நான் எழுதிக் கொடுத்த அண்ணன் கேள்வியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிறகு விரல்விட்டுத் தலைப்புகளை எண்ணிச் சொல்லிவிட்டு, "எழுதுங்கம்மா, முதல் தலைப்பு" என்று ஆரம்பித்தால் பதில் தடங்கலில்லாமல் வரும். எழுதத் தொடங்குமுன் முழுப் பதிலையும் மனதில் அடுக்கிக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். செமஸ்டர் தேர்வில் பெரிய கேள்விகளுக்கு இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ரத்ததானத்துக்கு அவசரப்பட வேண்டாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும். முதலாண்டில் பலருக்கு 17தான் ஆகியிருக்கும். அதுவரை முகாமில் பெயர் பதிவது, கொடுத்துவிட்டு வருகிறவர்களைக் கவனிப்பது என்று நிற்கலாம்.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 2011 முதல் தன்னார்வலர்களை வைத்து நடத்துகிறார்கள். பறவைப் பெயர் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள், தெரிந்தவர் ஒருவர் கூட வருவார். விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். தொப்பி, தண்ணீர் பாட்டில், சின்ன நோட்டு போதும். கல்லூரிக்குத் தகவல் வந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுங்கள். இரண்டாம் செமஸ்டர் அப்போதுதான் தொடங்கியிருக்கும், இன்டர்னல் தேர்வுத் தொந்தரவும் இருக்காது.