சில்வண்டு மாவும் மூன்று கொழும்புப் பயணங்களும்

சில்வண்டு வளர்ப்பு சிரமமில்லை. முட்டை மட்டை, கோழித் தீன், நல்ல சூடு இருந்தால் ஆறேழு வாரத்தில் அறுவடை. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பின்வளவுக் கொட்டிலில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மனிசர் சாப்பிடவென்று அவற்றை அவித்து, உலர்த்தி, அரைத்த மாவைக் கொழும்பு ஆய்வுகூடத்தில் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போனபோதுதான் அலைச்சல் தொடங்கியது.

முதல் தடவை இரவு ரயிலில் போனேன். கழுவிக் காயவைத்த ஜாம் போத்தலில் மாவு. கவுண்டரில் இருந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கிருமி நீக்கிய கொள்கலனில்தான் எடுப்பார்களாம். நியாயம்தான், போத்தலில் உள்ள கிருமியும் என் மாவின் கணக்கில்தான் விழும். ஆனால் புறப்படுமுன் இரண்டு தரம் தொலைபேசியில் கேட்டேனே, ஒருவரும் சொல்லவில்லை! படிவத்தில் பூச்சிக்கு இடமே இல்லை. "கோழிக்கா, மனிசருக்கா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். போகுமுன் படிவத்தையும் கொள்கலனையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் தடவை மாவை எடுத்துக்கொண்டார்கள். 25 கிராமில் சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி இல்லை. ஆனால் உணவை நஞ்சாக்கும் பசிலஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமி அளவுக்கு மிஞ்சி இருந்தது. பத்து நிமிடம் கொதிக்கவைத்த பொருளில் எப்படி? ஆய்வுகூடத்தில் ஒரு பிள்ளை மட்டும் பொறுமையாகக் கேட்டார்: "அக்கா, அவிச்ச பிறகு எங்க ஆற வச்சனீங்கள்?"

அப்போதுதான் நினைவு வந்தது. கார்த்திகை மழை, வெயிலே இல்லை. அவித்ததைப் பெரிய சுளகில் குவித்து இரவு முழுக்க வைத்திருந்தேன். விடிய நடுவில் கைவிட்டால் இன்னும் வெதுவெதுப்பு. அந்தக் கிருமியின் வித்திகள், அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் அதன் வடிவம், கொதிநீரிலும் சாவதில்லை. ஈரமும் இளஞ்சூடும் கிடைத்ததும் முளைத்துப் பெருகிவிடும். வெளியில் விட்ட மிச்சச் சோற்றில் நடப்பதும் இதுதான். சில்வண்டைக் குடலோடுதான் அரைக்கிறோம். ஒரு நாள் பட்டினி போட்டால் மட்டும் அது சுத்தமாகிவிடாது.

அதன்பின் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாக அவித்து, நீர் வடித்து, தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, உடனே உலர்த்தும் பெட்டிக்குள் வைத்தேன். சில்வண்டின் காலைத் தொட்டால் ஒடிய வேண்டும், உடம்பை நசுக்கினால் பொடிய வேண்டும். வளைந்தால் மறுபடி உள்ளே. கைக்கணக்கை மட்டும் நம்பாமல் நீர்ச் செயற்பாட்டையும், அதாவது கிருமி பயன்படுத்தக்கூடிய ஈரம் எவ்வளவு என்பதையும், அளக்கச் சொன்னேன். 0.6க்குக் கீழ் வந்தால் எந்தக் கிருமியும் பெருகாது.

மூன்றாம் தடவை எல்லாம் தேறியது. கோட்டை ரயில் நிலையத்து வாங்கில் இருந்து அந்தத் தாளை நான்கு தரம் வாசித்தேன்.

இப்போது லேபலில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைச் சாப்பிட வேண்டாம். இறாலில் ஒவ்வாமை தரும் புரதத்தைப் போன்றதே சில்வண்டிலும் உண்டு, அது எத்தனை கொதி கொதித்தாலும் போகாது.