லெதர் மூடிக்கிச்சு

மே 9
பவளம் வளக்கற உப்புத்தண்ணித் தொட்டி வந்து சேர்ந்துடுச்சு. கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து முத்தியால்பேட்டை வரைக்கும் டாடா ஏஸ்ல லெதர்ங்கற பவளம் இருந்த பக்கெட்டை மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். மாடி ஏத்த நாலு பேர். தண்ணி ரொப்பி உப்பு பாக்கற மீட்டர்ல பாத்தா ஆயிரத்துக்கு 30ன்னு காட்டுது, வழியில சிந்தினதுல ஏதோ ஆயிருக்கும்னு முக்கால் கிலோவுக்கு மேல சால்ட் மிக்ஸ் கரைச்சு ஊத்தி 35க்கு கொண்டுவந்துட்டுதான் படுத்தேன்.

மே 11
திறக்கல. போனும் வரல.

மே 12
மேல மெழுகு பூசின மாதிரி ஒரு பளபளப்பு, பூ மாதிரி விரியற குட்டி பாலிப் ஒண்ணுகூட வெளிய இல்ல. லெதர் தோல் உரிக்கறது வழக்கம்தான், நாலு நாள் ஒரு வாரம் மூடிக் கிடந்து படலத்தை உதறிட்டு திரும்ப விரிஞ்சுக்கும், கடலூர்லயே ரெண்டு தடவ பாத்துருக்கேன். தொடல. படலம் அடிச்சுட்டுப் போக ஓட்டம் வேணும்னு தண்ணியத் தள்ளுற வேவ்மேக்கரை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

மே 13
தொட்டில இருக்கற இன்னொரு பவளம், ஜோவா, அதுவும் மூடிக்கிச்சு. ரெண்டும் ஒண்ணா மூடுதுன்னா இது தோல் உரிக்கறது இல்ல. தண்ணிதான்.

மே 14
ராத்திரி ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்ல, கத்திரி வெயில், காலைல தொட்டி 30.5 டிகிரி. மன்னார் வளைகுடாவுல 2010லயும் 2016லயும் பவளம் வெளுத்தது இந்த மாதிரி சூட்டுலதானேன்னு வயித்தக் கலக்கிடுச்சு. வெள்ளை லைட் போட்டு கிட்டக்க பாத்தேன். பழுப்பு நிறம் அப்படியே இருக்கு, உள்ள இருக்கற பாசி போகல, வெளுக்கல. அதுவே பெரிய நிம்மதி. ஃபேன் வச்சதுல 27.5க்கு வந்துடுச்சு, ஆனா ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர் ஆவியாப் போகுது, உப்பு எங்கயும் போகாது, அதனால வெறும் ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும். அத்தை, "ஏம்மா, கூப்புடு தூரத்துல கடல் இருக்கு, ரெண்டு கேன் மொண்டுட்டு வந்தா ஆச்சு"ன்னாங்க. கரையோரத் தண்ணில என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும், வேண்டாம் அத்தைன்னேன். அவங்களும் போனையேதான் பாத்துட்டு இருந்தாங்க.

மே 15
அமோனியா 0. நைட்ரேட் 10. கேஹெச், அதான் தண்ணியோட காரத்தன்மை, சொட்டு எண்ணினேன், நீலம் மஞ்சளாக 12 சொட்டு. கடலூர்ல 10தான். கால்சியம் 480, அங்க 420. நான் எதுவும் டோஸ் பண்ணல.

மே 16
தூக்கமே இல்ல. அதே மூட்டை உப்பு, அதே 35, அப்புறம் எப்படி கேஹெச்சும் ஏறும் கால்சியமும் ஏறும். சாதத்துல சாம்பார் பிசையும்போதுதான் பொறி தட்டுச்சு. புளிப்பும் கூட உப்பும் கூட காரமும் கூடன்னா குழம்புல தண்ணி கம்மின்னு அர்த்தம். மீட்டர் பொய் சொல்லுது. மீட்டர் இருந்த பெட்டி பாத்திர மூட்டைக்கு அடியிலதானே வந்துச்சு!

எதிர்வீட்டு அக்கா கேக்குக்கு வச்சிருக்கற தராசை வாங்கிட்டு வந்தேன். சமையல் உப்பு 36.5 கிராம், ஆர்ஓ தண்ணி 963.5 கிராம், இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டர்ல, அதான் அந்த உப்பு மீட்டர்ல, சரியா 35 காட்டணும். ஒரு சொட்டு விட்டு, மூடிய மூடி, ஜன்னல் வெளிச்சத்துல கண்ணை வச்சேன். நீலமும் வெள்ளையும் சேர்ற கோடு 30ல நிக்குது. தொடச்சுட்டு மறுபடி விட்டேன். 30. குட்டி ஸ்க்ரூவத் திருப்பி 35க்கு கொண்டுவந்து வச்சுட்டு தொட்டித் தண்ணிய விட்டா, 40.

கடலூர்லேர்ந்து தண்ணி நல்லாத்தான் வந்திருக்கு. ஒரே ராத்திரில அஞ்சு ஏத்தினது நான். உப்பு தானா குறையாதுன்னு எனக்குத் தெரியும், அன்னைக்கு நின்னு யோசிக்கல. லெதர்கிட்ட உக்காந்து அழுதேன்.

மே 17
சட்டுனு இறக்கக்கூடாது, ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். 150 லிட்டர் தண்ணி, 40லேர்ந்து 39ன்னா நாப்பதுல ஒரு பங்கு, மூணே முக்கால் லிட்டர் எடுத்துட்டு அதே அளவு ஆர்ஓ. மெடிக்கல்ல சலைன் டியூப் வாங்கி சொட்டுசொட்டா விட்டேன், முடிய அஞ்சு மணி நேரம். சுருங்கிக் கிடக்கற லெதர் தண்ணில விஷம் கக்கும், அதனால அதை உறிஞ்சற கார்பனும் புதுசு போட்டேன்.
ரிங் போகுது, எடுக்கல.

மே 18
38.

மே 19
37. கேஹெச் 11. ஜோவா நாலு கண்ணு முழிச்சிருக்கு, ஆரஞ்சு தெரியுது. சாயந்தரம் லெதரோட ஓரத்துல படலம் கிளம்பி, பால் ஏடு மாதிரி ஓட்டத்துல படபடன்னு ஆடிட்டு இருந்துச்சு. பிச்சு எடுக்க கை பரபரக்குது, எடுக்கல, ஊசி போடாத சிரிஞ்சால தண்ணிய மெதுவா பீச்சினேன். பாதி கழண்டுச்சு. அடியில புதுத் தோல், இளம் பழுப்பு, சின்னச் சின்ன குழியோட.

மே 20
36. ராத்திரி டார்ச் அடிச்சு எண்ணினேன், ஓரத்துல ஆறு பாலிப். அத்தையக் கூப்ட்டு காட்டினேன், கண்ணாடி போட்டுட்டு வந்து ஏழுன்னாங்க. 11.40க்கு ரிங் வந்துச்சு, கை தொட்டிக்குள்ள, எடுக்கறதுக்குள்ள கட் ஆயிடுச்சு. திரும்ப அடிச்சேன், போகல. வெளிநாட்டு நம்பர்தான்.

மே 21
நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல எடுக்கணும். போனைப் பக்கத்துலயே வச்சுட்டு டியூபைத் திறந்துவிட்டிருக்கேன்.