ரீப்பர் வெட்டவில்லை என்றால் பிளேடைத் திட்டாதீர்கள்

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்கு இப்போது எல்லாரும் செயின் வண்டியைத்தான், அதாவது செயினில் ஓடுகிற பெரிய அறுப்பு மெஷினைத்தான், கூப்பிடுகிறார்கள். நெல்லுக்கு அது சரி. மாட்டுக்கு? தையில் வயல் முழுதாகக் காய்ந்திருக்காது. வண்டி மிதித்த இடத்தில் வைக்கோல் சேற்றோடு அமுங்கிவிடும், மிச்சம் நசுங்கிக் கிடக்கும். வீட்டில் மாடு இருக்கிறது, வைக்கோல் போர் போட்டே ஆக வேண்டும். அதனால் வீட்டை ஒட்டிய நிலத்துக்கு மட்டும், பின்னால் நடந்து ஓட்டுகிற சின்ன அறுப்பு மெஷின், பழைய ரீப்பர் ஒன்றை வாங்கினேன். முன்னால் வெட்டுகிற பார் (சட்டம்) நாலு அடி. 3 அங்குலத்துக்கு ஒரு பிளேடு என்று 16 பிளேடு. அறுத்த பயிரை நின்ற வாக்கிலேயே பெல்ட் ஓரத்துக்குத் தள்ளி வரிசையாகச் சாய்த்துவிடும். பின்னால் வருகிறவர்கள் கட்டு கட்டினால் போதும்.

விற்றவர், "பிளேடு மட்டும் மாத்திக்குங்க, அப்புறம் பறக்கும்" என்றார். பழைய ரீப்பர் விற்கிறவர்கள் எல்லாரும் சொல்வது இதுதான். வாங்குகிறவர்களும் அப்படியே புது பிளேடு போட்டு, புது பிளேடோடு திணறுகிறார்கள்.

பட்டறை பாய் பாரைத் தொடுவதற்கு முன் கத்தியின் (பிளேடுகளை ரிவிட் அடித்த நீளப் பட்டைதான் கத்தி) நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "தம்பி, இது லொடலொடங்குது. இதுல வைரத்துலயே பிளேடு செஞ்சு போட்டாலும் நெல்லுத் தாளு மடிஞ்சுதான் போவும்."

அவர் சொன்னது கத்திரிக்கோல் கணக்கு. ஆணி தளர்ந்த கத்திரிக்கோல் எவ்வளவு கூராக இருந்தாலும் துணியை மடித்து உள்ளே இழுக்கும். ரீப்பரில் ஓடுகிற பிளேடு பாதிக் கத்தி, பாரில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்பு விரலில் இருக்கிற அசையாத தட்டு மீதிக் கத்தி. இரண்டும் உரசிக்கொண்டு போனால்தான் வெட்டு. அந்த உரசலைக் காப்பது, கத்தியை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற சின்ன கிளிப்புகள். அவை தேய்ந்து தூக்கிக்கொண்டால் இடைவெளி விழும். கிளிப்புக்கும் கத்திக்கும் நடுவே ஹேக்சா பிளேடு தாராளமாக நுழைந்தால் அது அதிகம். கத்தியை உருவி வெளியே எடுத்துவிட்டுத்தான் கிளிப்பைத் தட்ட வேண்டும். உள்ளே வைத்தே தட்டினால் எங்காவது இறுகிக்கொள்ளும். தட்டியபின் கத்தியைச் செருகிக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், ஆனால் ஆடக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, செருகி, மறுபடி உருவி... பொறுமைதான் வேலை.

அடுத்தது விரல்கள். பாரின் இரண்டு ஓரத்து விரல்களிலும் தட்டின் மேல் நூலை இழுத்துக் கட்டினால் எது தாழ்ந்திருக்கிறது, எது தூக்கியிருக்கிறது என்று உடனே தெரியும். என்னுடையதில் நடுவே அடுத்தடுத்து விரல்கள் கீழே வளைந்திருந்தன. வளைகிற இரும்பு என்றால் நுனியில் குழாயை மாட்டி நெம்பலாம். வார்ப்பு என்றால் அடிக்காதீர்கள், கழற்றிவிட்டு வேறு போடுங்கள்.

எங்கள் வண்டலில் கல் கிடையாது, விரல் எப்படி வளையும் என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியபோது எங்கள் பக்கம் பறந்த கூரைத் தகரங்களுக்குக் கணக்கில்லை. அந்தத் துண்டும் ஆணியும் இன்னமும் உழவில் கிளம்புகின்றன. அது போதாதென்று வரப்போரம் குவார்ட்டர் பாட்டில். குடிக்கிறவர்கள் குடித்துவிட்டுப் போகட்டும், பாட்டிலை வயலுக்குள் ஏன் வீசவேண்டும்?

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, இதைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்ஜினை நிறுத்தி, பெட்ரோல் வண்டி என்றால் பிளக் வயரையும் கழற்றிவிட்டு, கத்தியை ஓட்டுகிற சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கத்தி ஒவ்வொரு கோடிக்கும் போய் நிற்கும்போது பிளேடின் நடு, விரலின் நடுவில் வந்து நிற்கவேண்டும். ஒரு கோடியில் தாண்டியும் மறு கோடியில் எட்டாமலும் நின்றால் கத்தியைத் தள்ளி இழுக்கிற கனெக்டிங் ராடின் நீளத்தைச் சரிசெய்தால் போதும். இரண்டு கோடியிலும் எட்டாமல் நின்றால் அதன் மூட்டில் இருக்கிற புஷ், பின் தேய்ந்திருக்கிறது. லேத்துக்குப் போக வேண்டியதுதான். சுற்றும்போது பிளேடுப் பக்கம் கைவிரலை வைக்காதீர்கள். கையால் சுற்றினாலும் அது வெட்டும்.

இதெல்லாம் முடிந்தபின் பிளேடுக்கு வரலாம். பல் வைத்த பிளேடைச் சாணை பிடிக்க வேண்டாம். பல் மழுங்கினால் மாற்றிவிடலாம். வழவழ விளிம்புப் பிளேடு என்றால் சரிவுப் பக்கம் மட்டும், பழைய சரிவு மாறாமல் தீட்டலாம். கிரைண்டரில் நீலம் பாய்ந்தால் எஃகு இளகிவிட்டது என்று அர்த்தம். பழைய ரிவிட்டை உடைக்க பாய் காட்டிய வழி எனக்குப் பிடித்திருந்தது. வைஸின் வாயைக் கொஞ்சம் திறந்து பிளேடை உள்ளே தொங்கவிட்டு, முதுகுப் பட்டையை வாயின் மேல் உட்காரவைத்து, பிளேடின் பின் விளிம்பில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. இரண்டு ரிவிட்டும் அறுந்து பிளேடு கீழே விழுகிறது. துளை போட்டு எடுக்கும் வேலையே இல்லை. புது ரிவிட்டைத் தண்டவாளத் துண்டின் மேல் வைத்து அடித்தோம்.

அறுப்பு முடிந்தால் கழுவி, காயவைத்து, பழைய இன்ஜின் ஆயில் தடவுகிறேன். கடல் காற்று அடிக்கிற ஊரில் துரு ராத்திரியோடு ராத்திரியாக ஏறிவிடும். அறுப்பு நடக்கும்போது மட்டும் கத்திக்கு எண்ணெய் அதிகம் விடுவதில்லை, மண்ணைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சாய்ந்த பயிருக்குள் ரீப்பரை விடுவதும் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா போட்ட மூலை மழையில் படுத்துவிட்டால் அரிவாள்தான்.

ரிவிட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் அளவு சொன்னால் கடையில் கைக்கு அகப்பட்டதைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள்.