பிளெட்ச்லி பார்க்: சோம்பேறி ஆபரேட்டரும் 574-ம்

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பிளெட்ச்லி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை பிரிட்டன் உடைத்துப் படித்த பிளெட்ச்லி பார்க் இங்கேதான் இருக்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ரோட்டைத் தாண்டி கொஞ்சம் நடந்தால் வாசல் வந்துவிடும், டாக்சியெல்லாம் வேண்டாம். ஸ்டேஷன் இவ்வளவு பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை. 1938-ல் பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவர் அட்மிரல் சின்கிளேர் இந்த இடத்தை வாங்கியதற்கு ரயிலும் ஒரு முக்கியக் காரணம்: தெற்கே லண்டன், மேற்கே ஆக்ஸ்போர்டு, கிழக்கே கேம்பிரிட்ஜ், மூன்றுக்கும் அப்போது இங்கிருந்து தண்டவாளம் இருந்தது. போர் வந்தால் கணக்கு வாத்தியார்களை மூட்டை முடிச்சோடு கொண்டுவந்து இறக்க வசதியான ஊர்.

என்னோடு வந்தது அக்கா மகள். இங்கே கணிதம் படிக்கிறாள். எனக்கு போர்க் கதை பிடிக்கும், அவளுக்குக் கணக்கு பிடிக்கும், புளிசாதம் இரண்டு பேருக்கும் பிடிக்கும், அதனால் அதையும் கட்டிக்கொண்டு போனோம்.

மாளிகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பணக்காரர் ஒருவர் பார்த்த கட்டட பாணியையெல்லாம் ஒரே வீட்டில் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. உண்மையான வேலை நடந்தது பக்கத்தில் இருக்கும் மரக் கொட்டகைகளில். எட்டாம் எண் கொட்டகையில் கணித மேதை ஆலன் டூரிங்கின் அறையை அன்றிருந்தபடி அமைத்திருக்கிறார்கள்; யாரும் எடுத்துப்போகாமல் இருக்க அவர் தன் டீ கோப்பையை ரேடியேட்டரோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்த கதை பிரபலம், அந்தக் கோப்பையைப் படம் எடுக்கத்தான் கூட்டம் அதிகம். அதே கொட்டகையில் வேலை பார்த்த ஜோன் கிளார்க்கைப் பற்றி அதில் பாதிப் பேராவது படித்திருந்தால் நன்றாக இருக்கும். கணித நிபுணரான அவருக்குப் பதவி உயர்வு கொடுக்க வேறு வழி தெரியாமல் மொழி வல்லுநர் என்ற பதவியில் போட்டார்கள். ஒரு படிவத்தில் 'பதவி: மொழி வல்லுநர், தெரிந்த மொழிகள்: எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்ததில் அம்மணிக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம். போரின் கடைசிக் கட்டத்தில் இங்கே சுமார் 9,000 பேர் வேலை பார்த்தார்கள், முக்கால்வாசி பெண்கள்.

ஜெர்மன் படைகள் தங்கள் செய்திகளை ரகசியமாக்கப் பயன்படுத்திய இயந்திரம் எனிக்மா. அதைப் பற்றி எங்கே படித்தாலும் பயமுறுத்தும் எண் ஒன்று வரும். ஐந்து சக்கரங்களில் மூன்றை எடுத்து வரிசைப்படுத்த 60 வழி, அவற்றைத் திருப்பி வைக்க 17,576 வழி, முன்பலகையில் பத்து ஒயர்களைச் செருகுவதற்கு மட்டும் சுமார் 150 லட்சம் கோடி வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 158 போட்டு அதன் பின்னால் இன்னும் 18 இலக்கம். பார்க்கிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள், நானும் அதைத்தான் செய்தேன். பக்கத்தில் நின்றவள் மட்டும், "இது சும்மா பூச்சாண்டி மாமா" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அந்த எண்ணில் பெரும்பகுதி முன்பலகை ஒயர்களால் வருவது. டூரிங்கும் இங்கே இருந்த இன்னொரு கணித நிபுணர் கார்டன் வெல்ச்மனும் செய்த வேலையே அந்த 150 லட்சம் கோடியை ஓரங்கட்டியதுதான். செய்தியில் வானிலை அறிக்கை என்ற சொல் எங்கோ இருக்கும் என்று ஊகிக்கிறோம். எனிக்மாவில் எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறாது, அது அந்த இயந்திரத்தின் பிறவிக் குறை. அதனால் ஊகித்த சொல்லை ரகசியச் செய்திக்கு அடியில் வைத்து ஒவ்வோர் இடமாக நகர்த்தினால், மேலும் கீழும் ஒரே எழுத்து வருகிற இடங்களையெல்லாம் தள்ளிவிடலாம். மிச்ச இடத்தில் எந்த எழுத்து எதோடு கோத்துக்கொள்கிறது என்று ஒரு சங்கிலி கிடைக்கும். இந்த எழுத்துக்கு ஒயர் இங்கே போகிறது என்று ஒன்றைச் சொல்லிப் பார்த்தால், அந்தச் சங்கிலி வழியாகவே ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் வந்து அந்தச் சக்கர நிலையே தப்பு என்று தெரிந்துவிடும். ஆக உண்மையில் தேட வேண்டியது 60 பெருக்கல் 17,576, அதாவது பத்தரை லட்சம் சொச்சம்தான். அதை ஓர் இயந்திரத்திடம் விட்டுவிடலாம்.

அந்த இயந்திரத்துக்குப் பெயர் பாம்ப். முதலாவது 1940 மார்ச்சில் வந்தது, கடைசியில் இருநூறுக்கும் மேல் செய்தார்கள். மறுபடி கட்டி ஓடவிட்டிருக்கும் ஒன்றை அதே வளாகத்தில் இருக்கும் கணினி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம் (அதற்குத் தனி டிக்கெட், எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துக்கொண்டு போங்கள்). ஆளுயரத்துக்கு மேல், முகப்பில் வண்ண வண்ணமாக 108 உருளைகள், எடை ஒரு டன். ஓடவிட்டதும் எனக்கு எங்கள் குமாரபாளையம் விசைத்தறிக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது, அதே கடகட, அதே எண்ணெய் வாடை. கடற்படைப் பெண்கள் ராப்பகலாக ஷிப்ட் போட்டு இதை ஓட்டினார்கள். இது நின்றால் பதில் கிடைத்தது என்று அர்த்தமில்லை, பதிலாக இருக்கலாம் என்றுதான் அர்த்தம். சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் திரும்பவும் கடகட.

போலந்துக்காரர்களை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள், குதிரை லாயத்துப் பக்கம் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, தவறாமல் பாருங்கள். மரியன் ரெயெவ்ஸ்கி 1932 டிசம்பரிலேயே, பிளெட்ச்லியில் யாரும் குடியேறுவதற்கு ஆறேழு வருஷம் முன்பே, நாம் பிளஸ் ஒன்னில் மார்க்குக்காகப் படித்த வரிசைமாற்றங்களை வைத்து எனிக்மா சக்கரங்களின் உள் ஒயரிங்கைக் கண்டுபிடித்தார். ஒரு இடத்தில் மட்டும் கணக்கு நகரவில்லை. விசைப்பலகையிலிருந்து முதல் சக்கரத்துக்கு ஒயர் எந்த வரிசையில் போகிறது? ஜெர்மானியர்கள் ஒழுங்குப் பிரியர்கள் ஆயிற்றே, வெறும் அகரவரிசையில் போட்டிருப்பார்களோ என்று நினைத்தார். அதேதான். 1939 ஜூலையில் வார்சா பக்கத்தில் போலந்துக்காரர்கள் இதைச் சொன்னபோது, அதே கேள்வியில் மாட்டிக்கொண்டு திணறிய பிரிட்டிஷ் நிபுணர் டில்லி நாக்ஸ் நொந்துபோயிருப்பார்.

ஆனால் நான் போனது பில் டட்டுக்காக. டூரிங் சிலைக்கு இருக்கும் கூட்டம் இவருக்கு இல்லை, என்னைக் கேட்டால் கணக்காக மட்டும் பார்த்தால் இவர் செய்தது இன்னும் பெரிய வேலை.

ஜெர்மன் மேலிடம் தன் முக்கியச் செய்திகளுக்கு லாரன்ஸ் என்ற 12 சக்கர இயந்திரத்தைப் பயன்படுத்தியது. சக்கரங்கள் ஓர் எழுத்து வரிசையை உமிழும், அதற்குப் பெயர் சாவி; செய்தியின் ஒவ்வோர் எழுத்தோடும் சாவியின் ஓர் எழுத்தைக் கூட்டித்தான் மறைப்பார்கள். அதைப் பிரிட்டனில் ஒருவரும் பார்த்ததில்லை. 1941 ஆகஸ்ட் 30 அன்று ஏதென்ஸிலிருந்து வியன்னாவுக்கு ஓர் ஆபரேட்டர் சுமார் 4,000 எழுத்து நீளமுள்ள செய்தியை அனுப்புகிறார். அந்தப் பக்கம் சரியாக வரவில்லை, திரும்ப அனுப்பு என்கிறார்கள். மனுஷன் சக்கரங்களைப் பழைய இடத்திலேயே வைத்து மறுபடி அடிக்கிறார், அது முதல் தப்பு. அட்சரம் பிசகாமல் அதையே அடித்திருந்தால்கூடப் பிரச்சினை இல்லை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்ஜியம்தான் மிஞ்சும், எதிரிக்கு ஒன்றும் கிடைக்காது. இவருக்குக் கை வலித்ததோ என்னவோ, 'செய்தி எண்' என்ற ஜெர்மன் சொல்லைச் சுருக்கி அடித்து, அதற்கப்புறமும் அங்கங்கே குறைத்துக்கொண்டே போனார். இப்போது ஒரே சாவியில் இரண்டு வேறு செய்திகள். பிளெட்ச்லியின் ரகசியக் குறி நிபுணர் ஜான் டில்ட்மன் பத்து நாள் உட்கார்ந்து இரண்டையும் பிரித்தெடுத்தார். செய்தி கிடைத்ததும் அதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது இயந்திரம் உமிழ்ந்த சாவி, கிட்டத்தட்ட 4,000 எழுத்து, பார்த்தால் எந்த ஒழுங்கும் இல்லாத குப்பை.

அந்தக் குப்பைதான் 24 வயது டட் கையில் வந்தது. கேம்பிரிட்ஜில் வேதியியல் படிக்கப் போன பையன். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் சக்கரத்துக்கு ஒன்றாக 12 எழுத்துள்ள தொடக்கக் குறி வரும்; அதில் ஒரு இடத்தில் மட்டும் 23 வகை எழுத்து, மற்ற இடங்களில் 25 வகை என்று கவனித்திருந்தார்கள். 23 பெருக்கல் 25, 575. வரிசைக்கு 575 என்று சாவியின் ஒரு பகுதியைக் கட்டத்தாளில் எழுதிப் பார்த்தார். மேலிருந்து கீழாக எதுவும் திரும்ப வரவில்லை. ஆனால் சாய்வாக வந்தது. சாய்வாக வந்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஓர் இடம் நகர்கிறது, அப்படியானால் உண்மையான நீளம் ஒன்று குறைவு, 574. இவ்வளவு பெரிய சக்கரம் இருக்க வாய்ப்பில்லையே என்று 574-ஐக் காரணிப்படுத்தினால் 2, 7, 41. வரிசைக்கு 41 என்று எழுதினார், படம் தெளிந்தது. முதல் சக்கரத்துக்கு 41 பல். அங்கிருந்து குழுவாகச் சேர்ந்து, 1942 ஜனவரிக்குள் பன்னிரண்டு சக்கரங்களின் முழு அமைப்பும் தாளில் வந்துவிட்டது. அசல் இயந்திரத்தைக் கண்ணால் பார்த்தது 1945-ல், போர் முடியும் தறுவாயில்.

இதை நான் வாயால் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் ரயில் டிக்கெட் பின்னால் கட்டம் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரங்கள் எந்த நிலையில் தொடங்கின என்று கண்டுபிடிக்க டட் பிறகு சொன்ன வழியில் தினமும் கணக்குப் போட மனிதக் கை போதாது என்றுதான் தபால் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் கொலோசஸைக் கட்டினார், சுமார் 1,600 வால்வு, வினாடிக்கு 5,000 எழுத்து, 1944 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. அருங்காட்சியகத்தில் டோனி சேல் குழுவினர் மறுபடி கட்டியது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அறையில் வால்வுச் சூடு முகத்தில் அடிக்கும், குளிர்காலத்தில் போனால் சுகம்.

ஏரிக்கரையில் புளிசாதம் சாப்பிடும்போது, கணக்கு போருக்கு உதவுமா என்று எங்களுக்குள் ஒரு சண்டை. ராமானுஜன் 1914 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் போனார், ஆகஸ்டில் போர் வந்தது, அங்கே இருந்த கணித நிபுணர் லிட்டில்வுட் பீரங்கிக் குண்டு எந்தப் பாதையில் போகும் என்று கணக்குப் போடப் போய்விட்டார். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித நிபுணர் ஹார்டிக்குப் போரே ஆகாது. எண் கோட்பாட்டால் போருக்கு எந்தப் பயனும் இதுவரை இல்லை என்று 1940-ல் பெருமையோடு எழுதினார், அதே வருஷம் அதே ஊர்க் கணித ஆட்கள் இங்கே கொட்டகையில் இருந்தார்கள். இன்றைக்கு ராணுவ ரகசியங்களைப் பூட்டுவதிலும் பகா எண்களுக்குப் பங்கு இருக்கிறது, ஆக ஹார்டி தோற்றார் என்றேன் நான். "அவர் கணக்கைச் சொல்லலை மாமா, தன் ஆசையைச் சொன்னார்" என்றாள் அவள். யூஸ்டன் வரும்வரை ஓயவில்லை.

பார்க் டிக்கெட் ஒரு வருஷம் செல்லும், அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க அடித்துப்பிடித்து ஓட வேண்டாம். நாங்கள் அடுத்து நியூமார்க்கெட் போவதாக இருக்கிறோம், கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். தோட்டக்காரர் மகனாக டட் பிறந்த அந்த ஊரில் 2014-ல் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.