மேல்வீட்டுத் தையல் மெஷின்: என் த்ரில்லர் குறும்படம், இதுவரை

கீழ்வீட்டில் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற லைன் இன்ஸ்பெக்டர். மேல்வீட்டில் தையல் வேலை செய்யும் பெண். முகூர்த்த மாதம் வந்தால் விடியவிடிய மெஷின் ஓடும். அந்தச் சத்தம் அவரைக் கையில் சுத்தியலோடு எப்படிப் படியேற வைக்கிறது என்பதுதான் கதை. ரெண்டே நடிகர்கள், ஒரே கட்டடம், என் மொபைல் கேமரா.

ரெண்டு பேரில் ஒருவரையும் வில்லனாக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். அவளுக்குப் பிழைப்பு, அவருக்குத் தூக்கம். "ஏம்மா, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக்கக் கூடாதா?" என்று தன்மையாகத்தான் ஆரம்பிக்கிறார். "இன்னும் ரெண்டு ரவிக்கைதான் சார், காலையில வந்து நிப்பாங்க" என்கிறாள். அடுத்து ஒட்டடைக் கொம்பால் கூரையில் இடிக்கிறார். அதற்கும் அடுத்து ஒரு மனு: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை 45 டெசிபல்தான் என்று அழகான கையெழுத்தில் எழுதித் தருகிறார். அதுவும் பலிக்காதபோது, கீழே மீட்டர் பெட்டியைத் திறந்து, அவள் வீட்டுக்கு மின்சாரம் போகாதபடி ஃபியூஸ் கேரியரை உருவிவிடுகிறார்.

இந்த இடத்துக்கு மேல் கதை நகராமல் ரொம்ப நாள் நின்றது. வழி காட்டியது ஓர் ஆய்வு. 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சத்தத்தை வைத்துச் சோதனை செய்தார்கள். சீரான சத்தத்தைவிட, எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் பின்னால் மனிதரின் பொறுமையை அதிகம் குலைத்தது. சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள், அதைத் தொடாமலே இருந்தும், மற்றவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். என் கதையில் அந்த ஃபியூஸ் கேரியர்தான் பொத்தான்! அதை உருவிய பிறகும் சத்தம் வந்தால்? மேலே அவள் மெழுகுவத்தி ஏற்றி, காலால் மிதிக்கும் பழைய மெஷினில் உட்காருகிறாள். மோட்டார் மாதிரி ஒரே சீராக இல்லை. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கடைசிப் பொத்தானும் கையைவிட்டுப் போன மனிதர் அப்போதுதான் எழுந்திருக்கிறார்.

ஆகவே உழைப்பில் பெரும்பகுதி ஒலிக்கே போகிறது. கான்கிரீட் தளம் வழியாக இறங்கும் அதிர்வைச் சாதாரண மைக் சரியாகப் பிடிப்பதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மலிவாகக் கிடைக்கும், அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பீசோ வில்லை ஒன்றை மெஷினுக்கு நேர் கீழே கூரையில் டேப் போட்டு ஒட்டினேன். அதை நேராக ரெக்கார்டரில் சொருகினால் அடிநாதம் போய்ச் சன்னமாகக் கேட்கும் என்பதால், நடுவில் அந்தச் சிக்னல் பலவீனமாகாமல் காக்கும் சின்ன பஃபர் சர்க்யூட் ஒன்று வைத்தேன். கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. மெஷின் என்றே தோன்றவில்லை, சுவருக்குள் எதுவோ நடப்பதுபோல இருந்தது. மொபைல் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் கேட்காது, பெரும்பாலோர் அதில்தான் பார்ப்பார்கள். அதனால் மரப்பலகையைத் தட்டிய ஒலியை அதன்மேல் மெலிதாகச் சேர்த்திருக்கிறேன்.

ஒளிக்குப் பெரிய செலவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; கேமரா ஷட்டரை 1/50 நொடியில் நிறுத்தினால் படிக்கட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை ஓடாது.

இன்ஸ்பெக்டராக நடிப்பவர் நாடக மேடையில் பழகியவர், கோபம் என்றால் குரல் தானாக உயர்ந்துவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் குரலை இறக்கிக்கொண்டே போங்கள், கையை மட்டும் பார்க்கிறேன் என்றேன். மீட்டர் பெட்டிக் காட்சியில், நாற்பது வருடம் இதே வேலை செய்த விரல்கள் மாதிரி நிதானமாகக் கேரியரை உருவினார். இதுவரை எடுத்ததில் எனக்கு அதிகம் பயம் தந்த ஷாட் அதுதான்.

அடிதடியைக் காட்டப் போவதில்லை. கேமரா படியிலேயே நிற்கும். மூடிய கதவுக்குப் பின்னால் கத்தரிக்கோல் விழும், மெஷின் சக்கரம் தானாகச் சுற்றி ஓயும். ஆனாலும் சுத்தியலின் தலை ஸ்பாஞ்சில் செய்து வண்ணம் பூசியதுதான். இருட்டுப் படியில் ஓடும் நடிகரிடம் நிஜ இரும்பைக் கொடுக்க எனக்கு மனம் வராது. ரத்தம் அவர் சட்டைக் கையில் மட்டும்: சோளமாவுக் கூழ், சிவப்பு உணவு நிறம், கொஞ்சம் கோகோ தூள். கோகோ சேர்க்காவிட்டால் ரோஸ்மில்க் நிறம் வந்துவிடும்.

அடுத்து அந்தப் படிக்கட்டுக் காட்சி. அலறல் இருப்பதால் எல்லா வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி, காவல் நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ராத்திரி பத்துக்குள் முடித்தாக வேண்டும்.