புயல் இன்னும் கரையைக் கடக்கவில்லை

இன்று காலை பால் கணக்கு முடிக்கப் பக்கத்து வீட்டு மைனியோடு வந்த அவள் மகன், செல்போனில் கூட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, ஜூன் மாசத்துக்கு 168 லிட்டர்" என்றான்.

நாங்கள் மூன்று பேர். அதில் அம்மாவுக்குக் கட்டன் சாயாதான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்பதே எங்கள் வீட்டில் தாராளம். மைனி ஒன்றும் பேசவில்லை. தன் பசுவுக்கே தெரியாமல் இவ்வளவு பாலா என்று யோசிப்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

காலண்டரை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் மேலே 1 என்று இருந்தது. அது பால். அதற்குக் கீழே 5, 6, 4, 7, 6 என்று இருந்தது. அது புயல். பையன் வேறுபாடு பார்க்காமல் இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டான்.

"அப்போ 7ன்னா ஏழு லிட்டர் இல்லியா மாமா?"

"இல்ல மக்கா. 7ன்னா வெறும் தண்ணி."

அந்தக் காலண்டரில் பால் எழுதும் இடத்தில் எங்கள் நாய் புயலின் வயிற்றைப் பதிவு செய்ய ஆரம்பித்தது நான் இல்லை, என் மனைவி. அதற்கு ஏற்பாடு செய்தவன் மெல்போர்னில் இருக்கும் அவள் தம்பி. நாய்க் கழிவு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போடும் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். 1 என்றால் ஆட்டுப் புழுக்கை மாதிரி. 2 என்றால் உத்தமம். 4 வந்தால் கவலை. 7 வந்தால் சாக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். முப்பத்து நாலு வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவன் நான். என் வீட்டில் நடந்த பதிவுகளிலேயே ஒரு நாள் கூட விடுபடாமல் எழுதப்பட்டது இது ஒன்றுதான்.

புயல் முதலில் சகலையின் நாய். கோவில்பட்டிப் பக்கத்துச் சிப்பிப்பாறை இன வேட்டை நாய். ஊர்த் திருவிழா ஓட்டங்களில் ஓடி எவர்சில்வர் குடம் வாங்கியது என்பார். முயல் பிடித்த கதைகளும் சொல்வார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதால் அவற்றை நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆறு வயதில் ஓட்டம் குறைந்தது. சகலையும் பெங்களூரில் மகள் வீட்டு மூன்றாம் மாடிக்குப் போகிற நிலை. "அத்தான், நீங்களும் ரிட்டையர், அவனும் ரிட்டையர்" என்று தை மாதம் கொண்டுவந்து விட்டார். கூடவே அந்தக் குடத்தையும் கொடுத்திருந்தால் வாதத்துக்காவது ஆகியிருக்கும்.

ஆரல்வாய்மொழி தாண்டி வரும்போதே காற்றாலைகளைப் பார்த்துக் குரைத்ததாம். இங்கே வந்தபின் குரைக்கவே இல்லை. தூக்கம்தான். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று சகலை சொன்னதை நம்பி, முதல் வாரம் கேட்டைப் பூட்டிச் சங்கிலியும் போட்டு வைத்தேன். அது சோபாவிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் நடந்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது.

பேர்தான் பிரச்சினை. ஒக்கிப் புயல் வந்துபோன கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவில் நின்று "புயல், வா வா" என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்? அம்மா ஒரு நாளும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. "நெட்டையா" என்றுதான் கூப்பிடுவாள். ஏப்ரல் கடைசியில் அதன் வயிறு கெட்டபோதுதான் சகலை எவ்வளவு தீர்க்கதரிசி என்று தெரிந்தது. மாலை ஏழு மணிச் செய்திக்கு முன்னறையில் உட்கார்ந்திருப்போம். சோபாவுக்கு அடியில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகும். மெல்ல வலுப்பெறும். வடமேற்குத் திசையில் நகர்ந்து அம்மாவின் நாற்காலியை அடையும். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நாயை இல்லை, என்னை! கொஞ்ச நாள் அந்தப் பழியையும் சுமந்தேன்.

வந்த புதிதில் வயிறு இளகியிருந்தால் கம்பங்கூழ் விட்டு அரிசிச் சோற்றுக்கு மாறியதால் என்று சொல்லிவிடலாம். நாலு மாதம் எல்லாம் தின்று ஒழுங்காக இருந்துவிட்டு, மாம்பழ சீசனில் திடீரென்று ஏன்?

வீட்டில் விசாரணை வைத்தேன். அம்மா தினமும் சாயாவில் நனைத்த ரஸ்க் அரைத் துண்டு கொடுத்திருக்கிறாள். மனைவி, தோசை பிய்ந்து வட்டம் சரியாக வராவிட்டால் அதைக் கொடுப்பாளாம். மைனி மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சக்கைச் சுளை, அதாவது பலாச்சுளை. நான் ராத்திரி ஒரு மட்டிப்பழம். யாரும் ஒன்றுக்கு மேல் கொடுக்கவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தோம். எல்லாவற்றையும் நிறுத்தினோம். மறுநாள் காலண்டரில் 6.

அப்புறம் ஒட்டுப்பால் காலம். ஒரு நாள் காலை, கழிவில் வெள்ளையாக நீளமாக ஏதோ கிடந்தது. நாடாப்புழு என்று நினைத்து மனைவி அலற, நான் குச்சியால் தூக்கினேன். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. பக்கத்து ரப்பர்த் தோட்டத்துச் சிரட்டையில் உறைந்து காய்ந்து கிடந்த ரப்பர் பாலை, அதாவது ஒட்டுப்பாலை, நக்கித் தின்றிருக்கிறது. அந்த நாற்றத்தையும் ஒரு பிராணி விரும்பித் தின்னும் என்பதை நான் அதுவரை நம்பியதில்லை. குற்றவாளி கிடைத்தான் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வாரம் தோட்டத்துப் பக்கமே விடவில்லை. 5, 6, 6, 5, 7.

அம்மா ஜாதிக்காய் உரைத்தாள். "உனக்கு இதை உரச்சுக் கொடுத்துதாம்பிலே வளத்தேன்" என்றாள். நல்லவேளை, நாக்கில் வைப்பதற்குள் மாட்டு டாக்டருக்கு போன் போட்டேன். நாய்க்கு ஜாதிக்காய் ஆகாது, நரம்பைப் பிடிக்கும், வெங்காயமும் ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும் என்று சொல்லிவிட்டு, மலத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

கழுவின ஊறுகாய் பாட்டிலில் போட்டு, பேப்பர் சுற்றி, திருவட்டாறில் பஸ் ஏறினேன். மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் ஒருவன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தால் என்ன நினைப்பார்கள்? கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "தேனா சாரே? நம்ம சொந்தக் கூடா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். "கிலோ என்ன வெலைக்குக் கொடுக்கியோ?" இறங்கும் வரை கேட்டுக்கொண்டே வந்தார். இப்போதும் அந்த பஸ்ஸில் ஏறினால் எனக்காக ஒரு கிலோ எடுத்து வையுங்கள் என்கிறார்.

டாக்டர் நல்ல மனுஷன். ஆனால் அவர் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போகிறதா, சளி மாதிரி கலந்து வருகிறதா? அப்படியென்றால் பெருங்குடல். இரண்டு மூன்று தடவைதான், ஆனால் ஏராளமாகப் போய் உடம்பும் இளைக்கிறதா? அப்படியென்றால் சிறுகுடல். இளைக்கிறதா என்றால் எப்படிச் சொல்வது? வந்த அன்றைக்கே விலா எலும்புகளை எண்ணலாம். இனம் அப்படி. கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று புழு மருந்து, அதற்கு மேல் ஒரு வாரத்துக்கு மாத்திரை. மாத்திரை இருக்கும்வரை காலண்டரில் 3. முடிந்த மறுநாள் 6. மூன்று முறை சோதனை, இரண்டு முறை மாத்திரை. கடைசியில் அவரே, "சில கேஸுக்குக் காரணமே கிடைக்காது சார்" என்று பேனாவை மூடிவிட்டார்.

இங்கேதான் மச்சினன் நுழைந்தான். அவனும் ஒன்று வளர்க்கிறான், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட். அங்கே ஓட்டம் முடிந்த நாய்களைத் தத்துக் கொடுப்பதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. காதுக்குள் பச்சை மையில் எழுத்துகள் குத்தியிருக்கும். அதை வீடியோவில் மடக்கிக் காட்டுவான். அதற்கும் இதே வயிறுதானாம், இரண்டு வருஷம். சாப்பாட்டு நேரத்தில் அக்காளும் தம்பியும் போனில் ஆளுக்கொரு தட்டைக் காட்டிப் பேசுவார்கள். நான் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"அத்தான், அது வாழ்க்கையிலேயே தின்னாத ஒரு கறியை மட்டும் கொடுக்கணும். கூட ஒரே ஒரு மாவுப் பொருள். வேற ஒண்ணும் வாயில படக் கூடாது. நான் கங்காரு கொடுத்தேன், கேட்டீங்களா, அப்படியே நின்னுச்சு."

மார்த்தாண்டம் சந்தையில் கங்காருவுக்கு எங்கே போவது? கோழி, ஆடு, மாடு, முட்டை எல்லாம் தின்றிருக்கிறது. முயலை அது தொழில் முறையிலேயே தின்றிருக்கிறது. யோசித்து யோசித்து, கரிசல் காட்டு நாய் பார்க்காதது மீன் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தோம். மாவுக்கு மரச்சீனி, மரவள்ளிக் கிழங்கு. டாக்டரும் சரி என்றார், உப்பு, மிளகாய், தேங்காய் இல்லாமல். ஆக, உலகத் தரத்திலான மருத்துவ உணவு என்று தேடிப்போய், எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டில் வந்து நின்றோம்.

அது ஜூன் முதல் வாரம். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடற்கரை, இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற அந்தப் பதினாலு நாளைத்தான் எங்கள் நாய் மீன் தின்னத் தேர்ந்தெடுத்தது. விசைப்படகு ஒன்றும் போகாது. வள்ளத்தில் வருகிற மீனை விற்கிற அக்காவுக்கு என்னைத் தூரத்தில் பார்த்தாலே சிரிப்பு. நாய்க்கு முள் நீக்கிய மீன், எங்களுக்கு முட்டை அவியல். எனக்கும் வருஷக்கணக்காக வாயுத் தொல்லை, என்னுடையதையும் அப்படியே குறித்து வையேன் என்று மனைவியிடம் சொன்னேன். "கட்டத்துல எடமில்ல" என்றாள்.

இதில் மழை வேறு. வானம் பார்த்த பூமியில் வளர்ந்த நாய். முதல் சாரலைக் கண்டதும் படிக்கட்டில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. ஈரப் புல்லில் பாதம் படக் கூடாது. ஆனால் வயிறு காத்திருக்காது. ராத்திரி மூன்று மணிக்கு ஈர மூக்கால் என் முழங்கையைத் தொடும். ஒரே ஒரு தடவைதான். எழுந்து டார்ச்சும், அப்பாவின் வளைபிடிக் குடையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே குடையில் சக்கை மூட்டுக்கு, அதாவது பலாமரத்தடிக்குப் போவோம். குடையின் முக்கால் பாகம் அதற்கு. கைலி முழங்கால் வரை நனையும். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, கால்கள் நடுங்க, அந்த வேளையில் அது என் முகத்தையே பார்க்கும். நான் வேறு பக்கம் பார்த்தால் தலையை நீட்டி மறுபடியும் பார்க்கும்.

ஜூன் 24-ஆம் தேதி காலையில் 2. மனைவி நம்பாமல் என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். மறுநாளும் 2. இன்றோடு ஒன்பது நாள்.

காரணம்? தன் மருத்துவம்தான் என்று மச்சினன் மெல்போர்னில் விருந்து வைக்காத குறை. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்ட அன்றைக்கே கண்ணேறு கழிந்தது என்கிறாள் அம்மா. மரத்தில் கடைசிச் சக்கையும் தீர்ந்ததல்லவா என்று மைனி இன்று காலையில்தான் வாயைத் திறந்தாள். அப்படியானால் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுளை நிற்கவே இல்லையா என்று கேட்டேன். அதற்குள் பால் கணக்கைத் திருத்தி, 30 லிட்டருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, பையனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மீனை நிறுத்திப் பார்க்க எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரே ஒரு விஷயம். வயிறு சரியாகி ஒன்பது நாளாகியும் மூன்று மணிக்கு முழங்கையில் மூக்கு படுகிறது. நேற்றும் பட்டது. மழை இல்லை, ஆனாலும் குடை விரிக்காமல் படி இறங்க மாட்டேன் என்றது. விரித்துக்கொண்டு போனேன். சக்கை மூட்டில் போய் நின்றது. முதுகை வளைக்கவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை, சும்மா நின்றது. எதிர்த் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரின் தலை விளக்கு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அது காதை விறைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தது.

"சாரே, நாய்க்கு இன்னும் சொகமாவல்லியா?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"ஆயிட்டு."

"பின்ன ஏன் கொடை?"

என்ன சொல்ல? வெளிச்சம் கடைசி வரிசைக்குப் போகும்வரை நின்றுவிட்டு, திரும்பி வந்தோம்.