அன்னம்மாள் மலையில் ஒரு சனிக்கிழமை

அம்மா பொருத்தனை வைத்துவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தப்பிக்க வழியில்லை. "தம்பி அந்தச் சனியனை விட்டுட்டான்னா, அவனையே கூட்டிட்டு வந்து உன் காலடியில நிறுத்துறேன் தாயே" என்று பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாளிடம் எப்போதோ வேண்டிக்கொண்டிருக்கிறார். எங்களிடம் மூச்சு விடவில்லை. தம்பி ஒரு வருடம் முழுசாகத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "ஜூலை 26 திருநாள். எல்லாரும் லீவு போடுங்க."

சனியன் என்று அம்மா சொன்னது நாலு நம்பரை. இங்கே மலேசியாவில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: நாலு இலக்க எண் ஒன்றின்மேல் பணம் கட்டும் லாட்டரி. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். ஞாயிறு மாலைப் பூசையும் ரிசல்ட்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம். கோலாலம்பூர் செந்தூல் சூசையப்பர் கோவிலில் பீடச்சிறுவனாக மணியடித்துக்கொண்டிருந்த என் தம்பி, நன்மை (நற்கருணை) வாங்கிய கையோடு வெளியே போய் போனைப் பார்க்கும் ஆளாக மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கடையில் இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) நம்பர் எழுதியதில் தொடங்கியது. அப்புறம் கடைக்கே போக வேண்டாம், கைப்பேசியிலேயே படம் சுற்றும் விளையாட்டு வந்தது. அதற்குப் பிறகு விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் நம்பருக்குப் போன் அடித்தான். ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரனிடம், கடன் வாங்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்தும் வாங்கினான்.

ஒரு விடியற்காலை அம்மா கதவைத் திறந்தபோது கேட் முழுக்கச் சிவப்புச் சாயம். பூந்தொட்டி, செருப்பு, வாசலில் ஒட்டியிருந்த இருதய ஆண்டவர் படம் எல்லாவற்றிலும் தெறித்திருந்தது. பிறகு கேட்டுக்குப் பச்சைச் சாயம் அடித்தோம். இரண்டு கோட்டிங் அடித்தும் வெயில் படும்போது உள்ளே இருக்கும் சிவப்பு தெரியும்.

அவன் எப்படி விட்டான் என்பதை நான் எழுதக் கூடாது, அது அவன் கதை. எங்கள் ஃபாதர் செய்ததை மட்டும் சொல்லலாம். பாவசங்கீர்த்தனம் கேட்டார், திட்டவில்லை. பிறகு வெளியே உட்கார வைத்து, "சம்பளம் யார் கணக்குல விழுது?" என்று கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து அவன் மனைவியின் கணக்கில் விழுந்தது. பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் அவள் கொடுப்பதுதான். செபம் பண்ணு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம் சபையில் நிறைய பேர். செபமும் வேண்டும், வங்கிக் கணக்கும் மாற வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இந்த வருடம், 2025, கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி என்ற புனித ஆண்டு. திருநாளும் சனிக்கிழமையில் வந்தது. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து மின்ரயிலில் போய்விடலாம் என்று பார்த்தால் டிக்கெட் எப்போதோ காலி. சரி, கார்தான். என் வீட்டுக்காரர் ஓட்ட, முன்னால் அம்மா, பின்னால் நாங்கள் மூன்று பேர், டிக்கியில் சக்கர நாற்காலி. இருட்டோடு கிளம்பினோம்.

ஈப்போ தாண்டி, மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் பின் டயர் வெடித்தது. அவசரத் தடத்தில் ஒதுக்கி நிறுத்தினோம். லாரிகள் போகிற வேகத்துக்குக் கார் ஆடுகிறது. அம்மாவை இறக்கவும் முடியாது, வைத்துக்கொண்டு ஜாக்கி போடவும் முடியாது. கடைசியில் இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். தம்பி சட்டையைக் கழற்றிவிட்டுக் கீழே படுத்துவிட்டான்.

அப்போது மோட்டார் சைக்கிளில் ஒரு தமிழ்ப் பையன் நிறுத்தினான். நல்ல பிள்ளை. நட்டு கழற்ற உதவினான். எங்கே போகிறோம் என்று கேட்டான், சொன்னோம். உடனே எழுந்து காரின் பின்னால் போய் நின்று நம்பர் பிளேட்டைப் பார்த்தான். போனை எடுத்துப் படமும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, கோவிலுக்குப் போற வண்டி. டயர் வெடிச்சிருக்கு. இன்னைக்கு சனிக்கிழமை வேற. இந்த நம்பரை விடாதீங்கண்ணே, கண்டிப்பா அடிக்கும்."

எங்களில் யாரும் பேசவில்லை. தம்பியின் மனைவி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். "நீங்க எடுங்க தம்பி. நான் எடுக்கிறதில்ல" என்றான். சத்தம் சரியாக வரவில்லை. பையன் சிரித்துக்கொண்டே கை காட்டிவிட்டுப் போய்விட்டான், அவனுக்கு இதில் ஒன்றும் இல்லை. வண்டியில் ஏறியதும் தம்பி, "அம்மா, செபமாலை ஆரம்பிங்க" என்றான். சனிக்கிழமை, சந்தோஷ தேவ இரகசியங்களைத் தியானிக்கும் நாள். அம்மா தொடங்கினார். வழக்கமாகச் செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளிலேயே தூங்கிவிடுகிற என் தம்பி அன்று தைப்பிங் தாண்டும் வரை விடாமல் பதில் சொன்னான்.

புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால் புலம்பலாகத்தான் இருக்கும். கூலிம் ரோட்டில் வண்டி நகரவே இல்லை. சும்மா கிடக்கும் ரோட்டோரத்துக்குச் சொந்தக்காரர்கள் போல இரண்டு பேர் நின்றுகொண்டு இருபது வெள்ளி என்றார்கள். சக்கர நாற்காலியைப் பார்த்த பிறகும் இருபதுதான். வாசலிலிருந்து மெழுகுவர்த்தி, பூ, காலிப் பாட்டில், செபமாலை, பலூன் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கையைப் பிடித்து இழுக்காத குறை. வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து தள்ளுகிறவர்களுக்கு அன்னம்மாள் எங்கேயும் ஓடிப்போய்விட மாட்டார் என்று யார் சொல்வது? சுரூபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும்.

ஆனாலும் இந்தக் கூட்டம் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சீனர், தமிழர், சபா சரவாக்கிலிருந்து வந்தவர்கள், இந்தோனேசியப் பணிப்பெண்கள், மஞ்சள் புடவையில் இந்து அம்மாமார்கள். பைபிளில் பெயர்கூட வராத ஒரு பாட்டியைத் தேடி இவ்வளவு பேர். மரியாளைப் பெற்றவள், ஆண்டவருக்குப் பாட்டி. அவ்வளவு தெரிந்தால் போதும் போலிருக்கிறது.

2002இல் கட்டிய புதிய கோவில் பெரியது, மினாங்கபாவ் பாணிக் கூரை, இப்போது பசிலிக்கா. அம்மாவுக்கு அதில் மனம் நிற்காது. சரிவில் மேலே இருக்கும் 1888ஆம் வருடக் கோவிலுக்குத்தான் போக வேண்டும். இந்த மலையில் முதல் சிற்றாலயம் 1846லேயே இருந்தது என்பார்கள். பிரெஞ்சுப் பாதிரிமார் காலம். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், சொந்த ஊர் இந்தப் பக்கம். அவர் சிறுவனாக இருந்தபோது, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காக மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம். கம்யூனிஸ்ட் பயத்தால் பழைய கோவில் பக்கம் யாரும் போக முடியாது, செடி மண்டிக் கிடந்தது. தாத்தா தூரத்திலிருந்து மலையைக் காட்டிச் சிலுவை போடச் சொல்வாராம். அப்பாவோடு வரும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் இந்தக் கதையும் வரும். இந்த முறை அம்மா சொன்னார்.

சரிவில் சக்கர நாற்காலி ஏறவில்லை. என் வீட்டுக்காரரும் தம்பியும் தள்ளித் தள்ளி மூச்சு வாங்கினார்கள். எங்கிருந்தோ இரண்டு சீனப் பையன்கள் வந்தார்கள். "ஆன்ட்டி, பெகாங்" (மலாயில், பிடித்துக்கொள்ளுங்கள்) என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு முன்பக்கம் தூக்கினார்கள், பல்லக்கு மாதிரி அம்மா மேலே போனார். நன்றி சொல்லத் திரும்புவதற்குள் அடுத்த பாட்டியிடம் போய்விட்டார்கள்.

உள்ளே அன்னம்மாள் சுரூபத்துக்கு முன்னால் எங்கள் முறை வந்தது. தொண்டர்கள் "நகருங்க, நகருங்க" என்கிறார்கள். அம்மா நகரவில்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். நாற்பது வயது ஆளை, முதல் நன்மைக்கு நிறுத்துவதுபோல. அப்புறம் சுரூபத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசும் குரலில் சொன்னார்: "தாயே, கொண்டாந்துட்டேன். நானும் எத்தனை நாளைக்கு இருப்பேன். இனி இவன் உன் பாடு."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. முழங்கால் வலியைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை, வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

தம்பி கையில் மெழுகுவர்த்தி. நகத்துக்குள் டயர் மசி இன்னும் கருப்பாக இருந்தது, எத்தனை கழுவியும் போகவில்லை. மெழுகு வழிந்து விரல்மேல் விழுந்துகொண்டே இருந்தது, அவன் கையை மாற்றவில்லை. வாய் அசைந்தது, பரலோக மந்திரம். எங்களைச் சோதனையில் விழவிடாதேயும் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றான், மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும் அதே இடம். எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற இந்து அம்மா ஒருவர், யார் எவர் என்று தெரியாமலே, என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தொண்டர்கூட அதற்குப் பிறகு எங்களை அவசரப்படுத்தவில்லை.

மாலைப் பூசைக்கு வெளியே திடலில் இடம் பிடித்தோம். பிரசங்கத்தில் பாதி ஒலிபெருக்கியோடு காற்றில் போனது. பூசை முடிந்து மெழுகுவர்த்திப் பவனிக்காக எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் தீ வாங்கிக்கொண்டிருந்த நேரம், எங்களுக்கு முன்னால் நின்ற மனிதர் இடது கையில் மெழுகுவர்த்தி, வலது கையில் போன் என்று நின்றார். திரையில் வரிசையாக நாலு நாலு எண்கள். அன்றைய ரிசல்ட். உதட்டில் அருள்நிறை மந்திரம், கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

தம்பி அதைப் பார்த்துவிட்டான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். காலையில் அந்தப் பையன் படம் பிடித்த எண் அவன் மனதில் ஓடியிருக்காதா? எனக்கே ஓடியது. அவன் முகம் சுளிக்கவில்லை, அந்த மனிதரை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் நாற்காலியின் பிரேக்கை எடுத்து, கூட்டத்தை விலக்கி, இந்தப் பக்கமாக நாலடி தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான். "இங்கேருந்து பார்த்தா தேர் நல்லா தெரியும்மா" என்றான். உண்மையில் அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை, பெரிய தூண் மறைத்தது. அம்மா, "ஆமாய்யா, நல்லா தெரியுது" என்றார்.

இத்தனை வருடம் தவக்காலம் தவறாமல் தியானத்துக்குப் போயிருக்கிறேன். உலகம், சரீரம், பசாசு என்று மூன்று சத்துருக்களைப் பற்றி எத்தனையோ பேர் முழங்கக் கேட்டிருக்கிறேன். கிறிஸ்தவனாக இருப்பது எப்படி என்று எனக்குக் கண்ணால் காட்டியது அந்த நாலடிதான். மலைக்கு வந்துவிட்டதால் சோதனை கீழேயே நின்றுவிடவில்லை. அதுவும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கூடவே ஏறி வந்திருந்தது.

அப்புறம் தேர் வந்தது. பூவுக்குள்ளே அன்னம்மாள். நான் என்னென்னவோ கேட்க வேண்டும் என்று மனதில் எழுதி வைத்திருந்தேன், மகள் படிப்பு, வீட்டுக் கடன், என் தைராய்டு. ஒன்றும் வாயில் வரவில்லை. நன்றி தாயே, நன்றி தாயே என்பதுதான் வந்தது. கேட்டில் இப்போது யாரும் சாயம் ஊற்றுவதில்லை, நன்றி. அவன் பிள்ளைகள் போன் அடித்தால் நடுங்குவதில்லை, நன்றி. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மருமகள் திரும்பி வந்தாளே, அதற்கு நன்றி. அந்த ஃபாதருக்காக, அந்தச் சீனப் பையன்களுக்காக, மசி படிந்த கையோடு அவன் நின்றதற்காக. டயர் சுரங்கத்துக்குள் வெடிக்காமல் வெளியே வந்து வெடித்ததற்கும் சேர்த்து.

ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மறுபடியும் தள்ளுமுள்ளு. ஐந்து லிட்டர் பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்த ஒருவரிடம் என் வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார். எங்களுக்கு இரண்டு பாட்டில் கிடைத்தது. ஒன்றை ஃபாதருக்குக் கொடுத்தாயிற்று.

அந்தக் கார் எண் அன்றைக்கு வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. சரி, என் வீட்டுக்காரர் பார்த்தார். வரவில்லை. தம்பியிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன், வரவில்லை என்று சொல்வதும் அந்தப் பேச்சுதானே.

அம்மா இப்போது என் மகளுக்காக இன்னொரு பொருத்தனை வைத்திருக்கிறாராம். என்ன என்று சொல்ல மறுக்கிறார். அடுத்த வருடம் ஜூலை 26 ஞாயிற்றுக்கிழமை, அதுவும் குலுக்கல் நாள்தான். வண்டியைத் தானே ஓட்டுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான், புது ஸ்பேர் டயரும் வாங்கிப் போட்டாயிற்று.